முதல் தரத்து நாய்

தரம் பிரிக்கத் தெரிந்த ஒருவன் இருக்கிறவரை இந்த உலகம் அழியாது. நல்லது எது, கெட்டது எது என்று விரல் நுனியால் சொல்லிவிடுகிற ஆற்றல் கோடியில் ஒருவருக்குத்தான் வாய்க்கும். வாணியம்பாடியிலிருந்து வேலூர் வரைக்கும் பாலாற்றின் இரண்டு கரையிலும் சல்லடை போட்டுத் தேடினாலும் அப்படிப்பட்டவர் ஒரே ஒருவர்தான் தேறுவார் என்பது ஆம்பூர் சுந்தரமூர்த்தியின் முடிவு. அந்த ஒருவர் யார் என்பதைத் தன் வாயால் சொல்லமாட்டார். எதிரில் இருப்பவர் சொல்லும்வரை பேச்சை மாற்றவும் மாட்டார். அவருடைய மனைவி மோகனா அவரைக் காய்கறி மார்க்கெட்டுக்கு அனுப்புவதை நிறுத்திப் பதினெட்டு வருடம் ஆகிறது. எப்போது போனாலும் பையில் நாலு தக்காளியாவது அழுகியிருக்கும்.

தோல் கம்பெனியில் அவர் செலக்‌ஷன் மாஸ்டர். பதமாகி வந்த ஆட்டுத்தோலை மேசையில் விரிப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு கழுத்திலிருந்து வால் வரைக்கும் ஒரு தடவு தடவுவார். உண்ணி கடித்த புள்ளி, முள் கிழித்த கோடு, அம்மை வடு எல்லாம் விரலுக்குத் தெரிந்துவிடும். "ஒண்ணு", "மூணு", "ரிஜெக்‌ஷன்" என்பார். பக்கத்தில் நிற்பவர் எழுதிக்கொள்வார். கண்ணை மூட வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை. வெள்ளைக்காரர்கள் சரக்குப் பார்க்க வந்த ஒரு நாளில் ஆரம்பித்த பழக்கம், அவர்கள் திரும்பிப் போன பிறகும் நிற்கவில்லை.

வருகிற மார்ச்சோடு அவருக்கு ஐம்பத்தெட்டு முடிகிறது. கம்பெனி வழக்கப்படி ஒரு மாலை, ஒரு சால்வை, ஒரு சுவர்க்கடிகாரம். சிலருக்கு மட்டும் சின்ன முதலாளி ஹம்மாத் இரண்டு வருடம் நீட்டிப்புக் கொடுப்பார். நீட்டிப்பு கிடைத்தால் சுந்தரமூர்த்தி இன்னும் இரண்டு வருடத்துக்கு மாஸ்டர். கிடைக்காவிட்டால் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அவர் தக்காளி வாங்கத் தெரியாத ஒரு மனிதர், அவ்வளவுதான். இதை நினைத்து அவர் மூன்று மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை.

மார்கழியில் ஓர் அதிர்ச்சி வந்தது. பக்கத்து வீட்டு பிரேம்நாத்துக்கு நீட்டிப்பு கிடைத்துவிட்டது. பிரேம்நாத் அதே கம்பெனியில் சாயப்பிரிவு சூப்பர்வைசர். சைபீரியாவில் பனிவண்டி இழுக்கிற ஜாதி நாய் ஒன்றை வாங்கி, ஆம்பூர் வெயிலில் அது செத்துவிடாமல் இருக்க மீன்கடை ஐஸ்கட்டியை டப்பில் போட்டு உட்கார வைத்திருப்பவர். ஹம்மாத் ஒரு நாள் அந்த வழியாகப் போனவர், கேட்டுக்கு வெளியே நின்றபடியே அந்த நாயோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார். மறுவாரம் கடிதம் வந்தது.

"அந்த எக்ஸ்டென்ஷன் ஆர்டர்ல கையெழுத்துப் போட்டது பாய் இல்ல, அந்த நாய்" என்றார் சுந்தரமூர்த்தி.

"அவரு ஒழுங்கா வேலை செய்றாரு, குடுத்திருப்பாங்க" என்றாள் மோகனா.

"உனுக்குத் தெரியாது. சின்ன பாய் நம்ம வீட்டுக்கும் ஒரு நாள் வர்றேன்னு சொல்லியிருக்காரு. வர்றப்ப இங்க ஒரு நாய் இருக்கணும். சாதாரண நாய் இல்ல. இந்த ஜில்லாவுலயே யார்கிட்டயும் இல்லாத நாய்."

"கேட்டாண்டயே ஒண்ணு இருந்துச்சு. நீங்கதான் மனு எழுதிப் புடிச்சிக்கினு போக வச்சீங்க."

"அது நாயா? அது இன்னா ஜாதின்னு அதுக்கே தெரியாது."

"மனுஷனுக்கே ஜாதி பாக்கக் கூடாதுன்னு ஸ்கூல் பொஸ்தகத்துல போட்டிருக்கான். நாய்க்குப் பாக்கறீங்க."

அவள் சொன்னது ஐப்பசியில் நடந்தது. தெருவில் ஒரு பழுப்பு நாய் மூன்று வருடமாக அவர்கள் கேட்டருகே படுத்திருந்தது. சுந்தரமூர்த்தி தினமும் காலையில் பைக்கை எடுக்கும்போது அதன்மேல் ஒரு சொம்புத் தண்ணீரை வீசுவார். கடைசியில் தெருநாய்த் தொல்லை என்று மனு எழுதினார். வெள்ளைத் தாள் கையில் இல்லாததால் கம்பெனியின் தரப்பட்டியல் படிவத்திலேயே எழுதினார். அந்தக் கட்டங்களுக்குள் எழுதினால்தான் அவருக்குக் கருத்து கோர்வையாக வரும். கார்த்திகையில் வண்டி வந்து தெருவிலிருந்த ஏழு நாய்களைக் கருத்தடைக்குப் பிடித்துப் போனது. நாலு நாள் கழித்து ஆறு திரும்பின. பழுப்பு நாய் வரவில்லை. மோகனா இரண்டு நாள் சாப்பிடவில்லை. கேட்டதற்கு ஏகாதசி என்றாள்.

தை பிறந்ததும் போனில் தேடி, ஒதுக்கி, கழித்து, சுந்தரமூர்த்தி இரண்டு ஜாதிகளுக்கு வந்து நின்றார். ஒன்று, மெக்சிகோ தேசத்து ஷோலோ. உடம்பில் ஒரு மயிர்கூடக் கிடையாது. மற்றொன்று, ஆப்பிரிக்கக் காட்டு பசென்ஜி. குரைக்காது. ஷோலோவின் படத்தைக் காட்டியதும் மோகனா அதிர்ந்துபோய்ப் போனைத் திருப்பி வைத்தாள்.

"இன்னாங்க இது, முடி எடுக்கற சுண்ணாம்புத் தொட்டியிலேர்ந்து பாதியில எழுந்து வந்தா மாதிரி இருக்குது."

"அதான் அதோட விசேஷம். தோல் அப்படியே தெரியும். மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல."

"வர்றவங்க இன்னா நெனைப்பாங்க? கம்பெனியில குடுத்து முடி எடுத்துக்கினு வந்துட்டாருன்னுதான் நெனைப்பாங்க."

"அப்ப பசென்ஜி?"

"கொரைக்காத நாயி இன்னாத்துக்கு? திருடன் வந்தா சலாம் போடுமா?"

"கொரைக்கிறது லோக்கல் நாய், மோகனா. ஒசந்த ஜாதி கொரைக்காது."

உயர்ந்தவர்கள் குரைக்கமாட்டார்கள் என்பதற்கு எதிர்ச்சாட்சி அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தது. 

பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி ஒரு தென்னந்தோப்புக்குள் 'இன்டர்நேஷனல் கென்னல்' என்று பலகை வைத்திருந்தான் செல்வகுமார். எட்டுக் கூண்டு இருந்தது. இரண்டில்தான் நாய் இருந்தது. தேடிவந்தவர் எந்த இரண்டு ஜாதியைக் கேட்டாரோ, அதே இரண்டு. முந்தின நாள் போனில் சுந்தரமூர்த்தி இரண்டின் அடையாளங்களையும் வால் உட்பட விளக்கமாகச் சொல்லியிருந்தார்.

"இது ஷோலோ சார். மூவாயிரம் வருஷத்து ஜாதி. ராஜாக்கள் செத்தா கூடவே பொதைப்பாங்க."

சுந்தரமூர்த்தி கூண்டுக்குள் கையை விட்டு, கண்ணை மூடினார். கழுத்து, முதுகு, அடிவயிறு. முகம் சுருங்கியது.

"சுண்ணாம்பு சமமா ஏறல."

"சார்?"

"காதுக்குப் பின்னால முடி நிக்குது. அடிவயித்துல தோல் தொளதொளன்னு இருக்கு. எங்க மேசைக்கு வந்தா நாலாம் தரம்."

செல்வகுமார் ஆடிப்போனான். நாய் வாங்க வந்தவர்கள் பல்லைப் பார்த்திருக்கிறார்கள், பத்திரம் கேட்டிருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு வயிற்றைத் தடவியவர் இவர்தான் முதல். அடுத்த கூண்டுக்கு அவரைச் சீக்கிரமாக நகர்த்தினான்.

"இது பசென்ஜி சார். பிரமிடுக்குள்ள வரைஞ்சி வச்சிருக்கான். பாருங்க, ஒரு சத்தம் வருதா?"

பழுப்பு நிறம். முதுகின் மேல் சுருண்ட வால். நாலு காலிலும் வெள்ளை. சுந்தரமூர்த்தியைக் கண்டதும் அது கூண்டின் கடைசி மூலைக்குப் போய் ஒடுங்கியது.

"ராஜ பரம்பரை சார். புது ஆளாண்ட ஒட்டாது."

செல்வகுமார் அதைப் பிடித்துக்கொள்ள, சுந்தரமூர்த்தி மறுபடியும் கண்ணை மூடினார். விரல்கள் கழுத்தில் இறங்கின.  முப்பத்தோரு வருட சர்வீஸில் இப்படி ஒரு தோல் அவர் விரலுக்கு அடியில் வந்ததில்லை. ஒரு உண்ணிப் புள்ளி இல்லை. ஒரு முள் கீறல் இல்லை. நெகிழ்வு, இறுக்கம், மினுமினுப்பு, எல்லாம் ஏற்றுமதிப் பதம். பின்னால் போன விரல் திரும்பித் தலைக்கு வந்து இடது காதில் நின்றது. காது மடலில் முக்கோணமாக ஒரு வெட்டு.

சுந்தரமூர்த்தி கண்ணைத் திறந்தார். செல்வகுமார் முந்திக்கொண்டான்.

"அது வந்து சார், சின்ன வயசுல..."

"நீ சொல்லாத. நான் சொல்றேன்."

அவர்கள் கம்பெனியில் வெளிநாட்டுக்குப் போகிற முதல் தரத் தோலுக்கு ஓரத்தில் முக்கோணமாக ஒரு வெட்டு வெட்டுவார்கள். லாட் கலந்தாலும் அந்த வெட்டைப் பார்த்து எடுத்துவிடலாம். அந்த வெட்டை வெட்டச் சொல்லி உத்தரவு கொடுப்பவரே சுந்தரமூர்த்திதான்.

"செலக்‌ஷன் குறி. ஆப்பிரிக்காவுலயே தரம் பாத்து, ஏத்துமதி சரக்குன்னு வெட்டி அனுப்பியிருக்கான். சரியா?"

செல்வகுமார் அந்தக் காதைத் தானும் ஒரு முறை பார்த்தான். பிறகு, "சார், இத்தனை வருஷத்துல ஒரு கஸ்டமர்கூட இதக் கண்டுபுடிச்சதில்ல" என்றான். அன்று அவன் சொன்னவற்றில் அது ஒன்றுதான் உண்மை. உடனே விலையைக் கொஞ்சம் ஏற்றினான். குறி வெட்டிய சரக்குக்கு விலை ஏறுவது நியாயம் என்று சுந்தரமூர்த்தியும் ஒப்புக்கொண்டார். அந்த விலை இன்றுவரை மோகனாவுக்குத் தெரியாது என்பதால் இங்கே எழுதுவது முறையல்ல.

கார் வீட்டு வாசலில் நின்றது. "மெதுவா, மெதுவா. கிளியோபாத்ரான்னு பேரு வச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே சுந்தரமூர்த்தி கதவைத் திறந்தார். கிளியோபாத்ரா குதித்தது. அவரையும் வாசற்படியையும் கடந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு நேராகப் பின்பக்கம் போய், துணி துவைக்கிற கல்லுக்கு அருகில் கவிழ்த்து வைத்திருந்த நீல பிளாஸ்டிக் தட்டை மூக்கால் புரட்டி நிமிர்த்தி, அதன் எதிரில் உட்கார்ந்தது.

கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த மோகனாவின் கையிலிருந்த போர்வை மண்ணில் விழுந்தது. பேயைக் கண்டவள்போல நின்றாள். மூன்று வருடமாக, அவர் கம்பெனிக்குப் போனதும் அந்தத் தட்டில் சோறு போட்டவள் அவள்தான்.

"செவலை" என்றாள், வாய்க்குள்ளேயே. நாய் வந்து அவள் காலில் தலையை இடித்தது.

"பாத்தியா. புத்திசாலி ஜாதி. வீட்டு அம்மா யாருன்னு வந்ததுமே கண்டுபுடிச்சிடிச்சி" என்றார் பின்னால் வந்த சுந்தரமூர்த்தி.

மோகனா வாயைத் திறந்தாள். சொன்னால் நாய் அன்றே பள்ளிகொண்டாவுக்குத் திரும்பிவிடும் என்பது நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டாள்.

மறுநாள் மாலை அதற்குச் சிவப்புப் பட்டை கட்டித் தெருவில் நடத்திப் போனார். இஸ்திரி வண்டி வள்ளியம்மாள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, நாயையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"நல்ல காரியம் பண்ணீங்க சார். உங்களப் போயி நான் வேற மாதிரி நெனைச்சிருந்தேன்."

"எல்லாருக்கும் இந்த மனசு வராதும்மா. செலவு ஜாஸ்தி" என்றார் அவர். ஆப்பிரிக்க ஜாதியின் அருமை ஓர் இஸ்திரிக்காரிக்குக்கூடத் தெரிந்திருப்பது அவருக்கு வியப்பாக இருந்தது.

பத்து நாளாயிற்று. நாய் ஒரு முறைகூடக் குரைக்கவில்லை. பால்காரர், கேஸ் சிலிண்டர்காரர், தபால்காரர், குப்பை வண்டி, யார் வந்தாலும் வாலை மட்டும் ஆட்டியது. ஜாதி சுத்தம் என்று சுந்தரமூர்த்தி பூரித்தார். அந்தத் தெருவுக்கு வருகிற எல்லாரையும் அதற்கு மூன்று வருடமாகத் தெரியும் என்பதை மோகனா அவரிடம் சொல்லவில்லை.

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஹம்மாத் வந்தார். அவருடைய மனைவி ஹஃப்ஸாவும் கூட வந்தாள். அவள் கால்நடை டாக்டர். ஹம்மாத்தின் சட்டைப்பையில் வெள்ளை உறை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. சுந்தரமூர்த்தியின் கண் முதலில் அந்த உறையில் பட்டு, பிறகுதான் முகத்துக்கு ஏறியது.

"நாய் தூரமாவே இருக்கட்டும் மாஸ்டர், நான் இங்கேர்ந்தே பாக்கறேன்" என்று ஹம்மாத் வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "ஹஃப்ஸாதான் பாக்கணும்னு சொன்னாங்க. பசென்ஜி இந்தப் பக்கம் ஒண்ணுகூடக் கெடையாதாமே."

"ஒண்ணே ஒண்ணு, பாய். நம்ம வீட்டுல." சுந்தரமூர்த்தி எழுந்து நின்றுகொண்டார். "ரெண்டு ஜாதி பாத்தேன். ஒண்ண தொட்டதுமே கழிச்சிட்டேன். இது விரல்ல பட்டதும் தெரிஞ்சிபோச்சு. கொரைக்கிறதுங்கறது இதோட வம்சத்துலயே கெடையாது. பிரமிடு கட்டின காலத்துலேர்ந்து ஒரு சத்தம்..."

மோகனா டீ எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் புடவையை ஒட்டிக்கொண்டு நாய் வந்தது. ஹம்மாத்தைப் பார்த்தது. ஹஃப்ஸாவைப் பார்த்தது. முதுகுமயிர் சிலிர்த்து எழுந்தது.

பதினோரு தடவை குரைத்தது. அப்புறம் மோகனாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, தலையை மட்டும் நீட்டி, பன்னிரண்டாவது தடவையும் குரைத்தது. பக்கத்து வீட்டு ஐஸ் டப்பிலிருந்து பிரேம்நாத்தின் நாய் பதில் கொடுத்தது.

டீத்தட்டு அப்படியே நின்றது. ஹம்மாத் சுந்தரமூர்த்தியைப் பார்த்தார்.

"இது கொரைப்பில்ல பாய்" என்றார் சுந்தரமூர்த்தி.  "பாடுது. சந்தோஷமா இருந்தா பாடும்னு போட்டிருக்கான்."

ஹஃப்ஸா குனிந்து நாயின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மாஸ்டர், இந்தக் காது..."

"டாக்டர் கண்ணுக்குத் தப்புமா?" அவருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. "செலக்‌ஷன் குறி. ஏத்துமதிக்கு வெட்டினது."

"இது நான் வெட்டினது."

சுந்தரமூர்த்தி விழித்தார். "நீங்க ஆப்பிரிக்கா போயிருந்தீங்களா?"

"வேலூர்ல மாஸ்டர். கார்த்திகையில கருத்தடை முகாம் போட்டோம். ஆபரேஷன் முடிஞ்ச தெருநாய்க்கு இடது காதுல இப்படி ஒரு வெட்டுப் போடுவோம், ஒருதரம் பண்ணினத மறுபடி புடிக்கக் கூடாதுன்னு. எல்லாரும் நேரா வெட்டுவாங்க. எனக்குக் கை கொஞ்சம் சாயும், பாருங்க. அதோட, இது என்னை மறக்கல."

 நாய் இன்னொரு தடவை குரைத்து, அவள் சொன்னதை உறுதி செய்தது.

"திருப்பிக் கொண்டு வரப்போ பள்ளிகொண்டா டோல்கேட்டுல வண்டி நின்னுச்சாம். கூண்டுக் கதவு தெறந்து இந்தத் தெரு நாய் ஒண்ணு எகிறிடுச்சுன்னு டிரைவர் சொன்னார். புடிச்ச எடத்துலயே திருப்பி விடணும்னு விதி. இந்த ஒண்ணோட பதிவ மட்டும்தான் நான் இன்னும் முடிக்காம வச்சிருக்கேன்." அவள் உண்மையான நிம்மதியோடு நிமிர்ந்தாள். "ரொம்ப தேங்க்ஸ் மாஸ்டர். நீங்களே உங்க கார்ல கூட்டிவந்து புடிச்ச எடத்துலயே விட்டுட்டீங்க."

சுந்தரமூர்த்தி உட்கார்ந்தார். நாற்காலி இருந்தது தற்செயல்தான்.

ஹம்மாத்தின் கை சட்டைப்பை உறையின்மேல் போய் மூடியது. அவருக்கு வேறொரு சந்தேகம் தட்டியிருந்தது. "மாஸ்டர், போன மாசம் இத்தாலிக்குப் போச்சே, அந்தக் கண்டெய்னர்..."

"ஒவ்வொண்ணா தொட்டுப் பாத்தது பாய்."

"இதையும் தொட்டுத்தானே பாத்தீங்க?"

 மோகனா தட்டைக் கீழே வைத்தாள்.

"தம்பி, ஒண்ணு சொல்றேன். அவரு தோலப் பத்தி சொன்னது பொய்யில்ல. வாரா வாரம் வேப்பெண்ணெ தடவி, ஒவ்வொரு உண்ணியா எடுத்து வளத்தேன். மூணு வருஷம். தோலு மொத தரம்தான். நீங்களே பாக்கச் சொல்லுங்க."

"மூணு வருஷமா?" சுந்தரமூர்த்தியின் குரல் கீழே போயிருந்தது. "எப்ப?"

"நீங்க கம்பெனிக்குப் போனப்புறம்."

"அப்ப வந்த அன்னிக்கே உனுக்குத் தெரியும்."

"செவலைய எனக்குத் தெரியாதா? நீங்கதான் தெனமும் கேட்டாண்ட பாத்துட்டு, ஆப்பிரிக்கான்னு கூட்டிக்கினு வந்தீங்க. திருத்தினா திருப்பி அனுப்பிடுவீங்கன்னு சும்மா இருந்தேன்."

ஹஃப்ஸா மெதுவாக நாயை நெருங்கி, மோகனா பிடித்துக்கொள்ள, முதுகில் கைவைத்துப் பார்த்தாள். "நிஜமாவே ரொம்ப நல்லா இருக்கு. தெருநாய்க்கு இப்படித் தோல் நான் பாத்ததில்ல."

ஹம்மாத் முதலில் மூக்கால் சிரித்தார். பிறகு வாயால் சிரித்தார். "அப்ப விரல் தப்புப் பண்ணல. கண்ணுதான் பேஜார். சரி மாஸ்டர், கம்பெனிக்கு உங்க விரல் போதும். கண்ண மூடிக்கினே இன்னும் ரெண்டு வருஷம் பாருங்க." சட்டைப்பையிலிருந்து உறையை எடுத்து நீட்டினார்.

சுந்தரமூர்த்தி எழுந்தார்.  கல்யாணமானதிலிருந்து முதல்முறையாக அவர் மனைவியை நன்றாகக் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"ஒரு நிமிஷம், இத முடிச்சிடறேன்" என்று ஹஃப்ஸா போனில் மனுக்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தாள். "எந்த மனுவுல வந்ததுன்னு பாத்து, திருப்பி விட்டாச்சுன்னு போடணும். இதோ, இந்தத் தெருதான். அட, கம்பெனி ஃபாரத்துலயே எழுதியிருக்காங்க. பழுப்பு. பெண். வால் சுருட்டை. நாலு கால்லயும் வெள்ளை..." அங்கே நிறுத்திவிட்டாள்.

ஹம்மாத் எட்டிப் பார்த்தார். நீட்டியிருந்த உறை மெல்ல மடங்கிச் சட்டைப்பைக்குத் திரும்பியது.

தரம் என்ற கட்டத்தில், சுந்தரமூர்த்தியின் கையெழுத்தில், 'தோல் படுமோசம், ரிஜெக்‌ஷன்' என்று எழுதியிருந்தது.